எதை வெளியே எடுப்பது? ஒரு சாரிஸார்ட் டெக்கைச் சீராக்கிய அனுபவம்

போக்கிமான் டிரேடிங் கார்டு கேமில் டெக் (ஆட எடுத்து வரும் கார்டுக் கட்டு) என்றால் சரியாக 60 கார்டு. 59 இருந்தாலும் ஆட முடியாது, 61 இருந்தாலும் முடியாது. ஒரே பெயருள்ள கார்டு 4-க்கு மேல் கூடாது, போக்கிமான் தாக்குவதற்காக அதற்கு மாட்டுகிற பேசிக் எனர்ஜிக்கு மட்டும் விலக்கு. தொல்லை எல்லாம் இந்த 60-ல்தான் இருக்கிறது. புதிதாக ஒரு கார்டு மனசுக்குப் பிடித்துவிட்டால் அதைச் சேர்ப்பது ஒரு நொடி வேலை. அதற்கு இடம் கொடுக்க எதை வெளியே எடுப்பது என்று முடிவு செய்யத்தான் வாரக்கணக்கில் ஆகிறது.

2024-ல் நான் ஒரு சாரிஸார்ட் எக்ஸ் டெக்கைக் கட்டி, மாற்றி, மறுபடி மாற்றி ஆடிக்கொண்டிருந்தேன். வார நாட்களில் போனில் டிசிஜி லைவ் (இதே ஆட்டத்தின் டிஜிட்டல் வடிவம்), வார இறுதியில் நேரில். அதில் கற்றுக்கொண்டதைத்தான் எழுதுகிறேன். அந்த டெக்கில் பல கார்டுகளை இன்றைய ஸ்டாண்டர்டில் (சமீபத்திய கார்டுகளை மட்டும் அனுமதிக்கும் போட்டி முறை) ஆட முடியாது. ஆனால் திருத்துகிற முறை எந்த டெக்குக்கும் பொருந்தும், ஒன் பீஸ், மேஜிக் போன்ற மற்ற கார்டு கேம் ஆடுகிறவர்களுக்கும்கூட ஓரளவு.

முதலில் டெக் என்ன செய்கிறது என்று சொல்லிவிடுகிறேன். சாரிஸார்ட் எக்ஸ் 2023-ல் ஆப்ஸிடியன் ஃப்ளேம்ஸ் தொகுப்பில் வந்தது. 330 ஹெச்பி (தாங்கக்கூடிய அடி) உள்ள ஸ்டேஜ் 2 போக்கிமான், அதாவது பேசிக் சார்மாண்டர், ஸ்டேஜ் 1 சார்மீலியன் என்று படிப்படியாக வளர்ந்து (எவால்வ் ஆகி) வருவது. கையிலிருந்து அதை இறக்கி எவால்வ் செய்தவுடன் டெக்கைத் தேடி 3 ஃபயர் எனர்ஜி வரை எடுத்து நம் போக்கிமான்களுக்கு மாட்டலாம். தாக்குவதற்கு 2 எனர்ஜி போதும். அடி 180. ஆளுக்கு 6 கார்டு பிரைஸாக ஒதுக்கி வைத்திருப்போம்; எதிரியின் போக்கிமானை வீழ்த்தும்போது அதிலிருந்து எடுக்கலாம், எல்லாவற்றையும் முதலில் எடுப்பவருக்கு வெற்றி. எதிராளி எடுத்திருக்கும் ஒவ்வொரு பிரைஸ் கார்டுக்கும் 30 கூடும். அதாவது நாம் தோற்கத் தோற்க நம் அடி பெரிதாகும். இந்தக் குணம்தான் என்னை இந்த டெக்கில் பிடித்து வைத்தது. கூடவே பிஜட் எக்ஸ். அது களத்தில் இருந்தால் ஒவ்வொரு டர்னும் டெக்கிலிருந்து விரும்பிய ஒரு கார்டைத் தேடி எடுக்கலாம். என்ன கார்டு வேண்டுமானாலும்!

ஆக டெக்கின் ஆசை ஒரே வரி: முதல் டர்னில் சார்மாண்டரும் பிஜட்டாக வளரும் பிஜ்ஜியும் பெஞ்சில் (முன்னால் நின்று சண்டையிடும் ஆக்டிவ் இடத்துக்குப் பின்வரிசையில்) இருக்க வேண்டும், இரண்டாவது டர்னில் நடுப்படியைத் தாண்ட வைக்கும் ரேர் கேண்டி போட்டு அவற்றில் ஒன்றாவது ஸ்டேஜ் 2 ஆக வேண்டும், முடிந்தால் இரண்டுமே. டெக்கைத் திருத்த உட்காரும் முன் இப்படி ஒரு வரியை எழுதிக்கொள்ளுங்கள். எழுத வரவில்லை என்றால் டெக்கில் இரண்டு மூன்று டெக்குகள் கலந்து கிடக்கின்றன என்று அர்த்தம்.

என்னுடைய முதல் பட்டியல் கையில் இருந்த கார்டுகளை வைத்துக் கட்டியது. எல்லோருக்கும் அப்படித்தான் தொடங்கும். 4 சார்மாண்டர், 10 ஃபயர் எனர்ஜி, போக்கிமானைத் தேடித் தரும் 2 பட்டி-பட்டி பாஃபின், 4 அல்ட்ரா பால், பிறகு ஒவ்வொன்றாகக் கதம்பமாகச் சில நல்ல கார்டுகள். தனித்தனியே பார்த்தால் ஒன்றும் மோசமில்லை. ஆனால் ஆடினால் ஒரு ஆட்டம் புயல், அடுத்த ஆட்டம் கையில் எனர்ஜியை அடுக்கி வைத்துக்கொண்டு பரிதாபமாகப் பார்த்துக்கொண்டிருப்பது.

முதல் வேலையாக எதிராளி இல்லாமல் ஆடிப் பார்த்தேன். டெக்கைக் கலைத்து 7 கார்டு எடுப்பது, 6 பிரைஸ் ஒதுக்குவது, தனியாக இரண்டு டர்ன் ஆடுவது. மேலே சொன்ன அந்த ஒரு வரி நடந்ததா இல்லையா என்று குறித்துக்கொண்டு மறுபடி கலைப்பது. அவ்வளவுதான். சலிப்பான வேலை, டிவி பார்த்துக்கொண்டே செய்யலாம். ஆனால் ஒரு மாலை முழுக்க இதைச் செய்தால், கடையில் ஒரு மாதம் ஆடி வருகிற தெளிவு வரும். எதிராளி இருந்தால் அவர் என்ன செய்தார் என்பதில் நம் கவனம் போய்விடும். தனியாக ஆடும்போது குற்றம் சொல்ல வேறு யாரும் இல்லை.

அப்புறம் கணக்கு. கணக்கு என்றதும் ஓட வேண்டாம், பெருக்கல் வகுத்தல்தான்.

முதல் கையில் 7 கார்டு. அதில் ஒரு பேசிக் போக்கிமானாவது இருந்தாக வேண்டும். இல்லாவிட்டால் கையைக் காட்டிவிட்டு மறுபடி கலைக்க வேண்டும், அதுதான் மல்லிகன். ஒவ்வொரு மல்லிகனுக்கும் எதிராளி ஒரு கார்டு கூடுதலாக எடுக்கலாம். டெக்கில் 8 பேசிக் இருந்தால் மல்லிகன் ஆகும் வாய்ப்பு கிட்டத்தட்ட 35 சதவீதம். 10 இருந்தால் 26. 12 இருந்தால் 19. மூன்று ஆட்டத்தில் ஒன்றில் எதிராளிக்கு இலவசக் கார்டு கொடுத்துத் தொடங்குவதற்கும் ஐந்தில் ஒன்றில் கொடுப்பதற்கும் உள்ள வித்தியாசம் வெறும் 4 கார்டு. அதற்காகப் பேசிக்குகளை வாரிப் போட்டுவிடவும் முடியாது, தேவையில்லாத பேசிக்கோடு ஆட்டம் தொடங்கி அதை ஆக்டிவ் இடத்திலிருந்து நகர்த்தத் திண்டாட வேண்டியிருக்கும். நான் 10-ல் நின்றேன்.

அடுத்த கணக்குதான் என் டெக்கை உண்மையில் மாற்றியது. சார்மாண்டர் முதல் டர்னில் பெஞ்சுக்கு வர வேண்டும். சார்மாண்டரே கையில் வரலாம், அல்லது அதைத் தேடித் தருகிற கார்டு வரலாம். இரண்டும் நமக்கு ஒன்றுதான். என் முதல் பட்டியலில் அப்படிப்பட்டவை 4 சார்மாண்டர், 2 பாஃபின், 4 அல்ட்ரா பால், மொத்தம் 10. தொடக்கக் கை 7, முதல் டர்னில் எடுப்பது 1, ஆக 8 கார்டு பார்க்கிறோம். அந்த 8-ல் இந்தப் பத்தில் ஒன்றுகூட வராமல் போகும் வாய்ப்பு சுமார் 21 சதவீதம். மல்லிகனையும் சேர்த்துக் கணக்குப் போட்டால் கொஞ்சம் மாறும், இருந்தாலும் ஐந்து ஆட்டத்தில் ஒன்று தொடங்கும்போதே நொண்டுகிறது என்பது மாறாது.

பாஃபினை 4 ஆக்கினேன். அது 70 ஹெச்பிக்கு மேற்படாத 2 பேசிக்கை நேராகப் பெஞ்சில் வைக்கும். சார்மாண்டர், பிஜ்ஜி இரண்டும் அந்த வரம்புக்குள் அடங்கும், ஒரே கார்டில் என் முதல் டர்ன் முடிந்துவிடும். ஒரு பேசிக்கைத் தேடிப் பெஞ்சில் வைக்கும் நெஸ்ட் பால் 2 சேர்த்தேன். பிறகு 4 அர்வன். அர்வன் ஒரு சப்போர்ட்டர் (டர்னுக்கு ஒன்றுதான் போடலாம்), ஒரு ஐட்டத்தையும் (பாஃபின், பால் போன்றவை) ஒரு டூலையும் (போக்கிமானுக்கு மாட்டுவது) தேடித் தரும். ஐட்டமாகப் பாஃபினை எடுக்கலாம் என்பதால் அதுவும் சார்மாண்டருக்கு ஒரு வழிதான். இப்போது மொத்தம் 18. ஒன்றுமே வராத வாய்ப்பு 5 சதவீதத்துக்கும் கொஞ்சம் குறைவு.

21-லிருந்து 5. எந்த ஒரு பெரிய கார்டை வாங்கிப் போட்டிருந்தாலும் இந்த அளவு முன்னேற்றம் கிடைத்திருக்காது.

இதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. முதலில் ஆடுகிறவர் தன் முதல் டர்னில் சப்போர்ட்டர் போடக் கூடாது, தாக்கவும் கூடாது. அப்போது அர்வன் கணக்கில் வராது. 18 வழி 14 ஆகிவிடும், கைவிரிக்கும் வாய்ப்பு 10 சதவீதம் ஆகிவிடும். அதனால்தான் டாஸ் ஜெயித்தால் முதலில் ஆடுவதா இரண்டாவதாக ஆடுவதா என்பது டெக்கைக் கட்டும்போதே முடிவு செய்ய வேண்டிய விஷயம் என்கிறேன். இரண்டாவதாக ஆடினால் அர்வனை வைத்துப் பாஃபினையும் டெக்னிக்கல் மெஷின் எவல்யூஷன் என்ற டூலையும் எடுக்கலாம். ஆக்டிவ் போக்கிமானுக்கு ஒரு எனர்ஜி மாட்டி அந்த டூலின் தாக்குதலைப் போட்டால், பெஞ்சில் இருக்கும் இரண்டு போக்கிமானுக்கு டெக்கிலிருந்து நேராக எவால்வ் கிடைக்கும். முதல் டர்னிலேயே சார்மீலியனும் பிஜியாட்டோவும் தயார். அடுத்த டர்னில் ரேர் கேண்டி இல்லாவிட்டாலும் கவலையில்லை. இதற்காக ஒரே ஒரு டூலும் ஒரு சார்மீலியனும் ஒரு பிஜியாட்டோவும் வைத்தால் போதும்.

சரி, இவ்வளவு சேர்த்தாயே, எதை எடுத்தாய் என்று கேட்பீர்கள்.

முதலில் போனது எனர்ஜி. சாரிஸார்டே டெக்கிலிருந்து 3 எனர்ஜியை இழுத்து வரும்போது கையில் எனர்ஜி வந்து என்ன ஆகப்போகிறது? சொல்லப்போனால் கையில் வருகிற ஒவ்வொரு எனர்ஜியும் டெக்கில் சாரிஸார்டுக்குக் கிடைக்காமல் போகிற எனர்ஜி. 10-ஐ 6 ஆக்கினேன். எனர்ஜியைக் குறைக்கக் கை நடுங்கும் என்பது எனக்குத் தெரியும். எரிகிற அடுப்பிலிருந்து விறகை உருவுகிற மாதிரி இருக்கும். ஆனால் டெக் எதனால் ஓடுகிறது என்று பார்த்தால் இங்கே எரிபொருள் எனர்ஜி இல்லை, தேடுகிற கார்டுகள்தான்.

அடுத்து ஒற்றையாக வைத்திருந்த நல்ல கார்டுகள். இதில்தான் எனக்கும், நேரில் ஆட வருகிற ஒரு கல்லூரிப் பையனுக்கும் வாக்குவாதம் வந்தது. என்னைவிட வயதில் மிகவும் சின்னவன், ஆட்டத்தில் மூத்தவன். நான் ஒரு கார்டைக் காட்டி, “இது இருந்ததாலதான் போன வாரம் ஜெயிச்சேன்” என்றேன்.

“சரிண்ணா, அது இருந்தும் எத்தனை ஆட்டம் தோத்தீங்க?”

“தோத்தது அதனால இல்லையே.”

“அது கையிலயே கிடந்த ஆட்டத்தை எண்ணுங்கண்ணா. ஜெயிச்ச ஆட்டத்துல வந்த கார்டு நம்ம கண்ணுக்குப் பளிச்சுனு தெரியும். சும்மா கிடந்ததை யாரும் ஞாபகம் வச்சுக்க மாட்டாங்க.”

அவன் சொன்னபடி செய்தேன். சந்தேகப்பட்ட கார்டின் ஸ்லீவ் (பிளாஸ்டிக் உறை) மீது சின்னதாக ஒரு ஸ்டிக்கர் ஒட்டி (வீட்டில் பழகும்போது மட்டும், போட்டியில் ஸ்லீவில் எந்த அடையாளமும் கூடாது), அது கைக்கு வரும்போதெல்லாம் ஒரே கேள்வி: இப்போது இதற்குப் பதில் அல்ட்ரா பாலோ கையைப் புதுப்பிக்கும் அயோனோவோ வந்திருந்தால் சந்தோஷப்பட்டிருப்பேனா? பெரும்பாலும் ஆமாம் என்றே பதில் வந்தால் அந்தக் கார்டு வெளியே. இந்தச் சோதனையில் என் செல்லக் கார்டுகள் பல விழுந்தன. இன்றுவரை எனக்குத் தெரிந்த சோதனைகளில் இதைவிட நம்பகமானது வேறு இல்லை.

ஒற்றைக் கார்டுகளுக்கு இன்னொரு ஆபத்தும் இருக்கிறது. 60-ல் 6 கார்டு பிரைஸாகக் குப்புறக் கிடக்கும். டெக்கில் ஒன்றே ஒன்று இருக்கும் கார்டு அங்கே மாட்டிக்கொள்ளும் வாய்ப்பு 10 சதவீதம். இது பரவாயில்லை போலத் தோன்றும். ஆனால் கட்டாயம் வேண்டும் என்று மூன்று ஒற்றைக் கார்டுகளை நம்பியிருந்தால், அவற்றில் ஒன்றாவது பிரைஸில் மாட்டும் வாய்ப்பு 27 சதவீதத்துக்கு மேல் போய்விடும். அதே நேரம் 2 கார்டு வைத்தால் இரண்டும் சேர்ந்து மாட்டுவது 100-ல் ஒன்றுகூட இல்லை. அதனால் என் விதி: இல்லாமல் ஆட்டமே நடக்காது என்றால் 2 வை. இருந்தால் நல்லது என்றால் 1 வை. பிஜட் எக்ஸ் 2. ஒரு முறை மட்டும் எதையும் தேடித் தரும் ஃபாரஸ்ட் சீல் ஸ்டோன் 1. இரண்டுக்கும் நடுவே குழம்பினால் அந்தக் கார்டு அநேகமாகத் தேவையே இல்லை.

பிரைஸைப் பற்றிப் பேசும்போது ஆடும் முறை பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். முதல் தடவை டெக்கைத் தேடும்போது எடுக்க வேண்டியதை மட்டும் எடுத்துவிட்டு மூடாதீர்கள். ஒற்றைக் கார்டுகள் எல்லாம் இருக்கின்றனவா, எத்தனை சாரிஸார்ட், எத்தனை ரேர் கேண்டி என்று ஓட்டிப் பாருங்கள். காணாமல் போனது பிரைஸில் இருக்கிறது. இதைச் செய்யாமல் டெக்கைக் குறை சொல்லும் பலரைப் பார்த்திருக்கிறேன்.

தனியாக ஆடிப் பார்ப்பது ஒரு எல்லை வரைதான் உதவும். அதன் பிறகு தோல்விகளை எழுதி வைக்க வேண்டும். என் நோட்டில் எதிராளியின் டெக் பெயர், நான் முதலா இரண்டாவதா, ஏன் தோற்றேன் என்று ஒரு வரி. அந்தக் காரணத்தில் “அதிர்ஷ்டம் இல்லை” என்று எழுதுவதை எனக்கு நானே தடை செய்துகொண்டேன். வேறு என்ன வேண்டுமானாலும் எழுதலாம்: சார்மாண்டர் வரவில்லை, கை காலியான பிறகு மீள முடியவில்லை, 10 அடி பற்றவில்லை, பெஞ்சில் சும்மா இருந்த ரோட்டம் வி என்ற போக்கிமானை இழுத்து அடித்து 2 பிரைஸ் எடுத்துவிட்டார். சில வாரம் கழித்து நோட்டைப் புரட்டினால் ஒரே மாதிரி வரிகள் கண்ணில் படும். அவற்றை மட்டும் சரிசெய்தால் போதும். ஒரே ஒரு தடவை வந்த தோல்விக்கு டெக்கை மாற்றாதீர்கள். நேற்று ஸ்நோர்லாக்ஸ் டெக்கிடம் தோற்றேன் என்று இன்று அதற்கு மருந்து போட்டால், நாளை வருகிறவர் வேறு டெக்கோடு வருவார்.

என் நோட்டில் திரும்பத் திரும்ப வந்த வரி “அடி பற்றவில்லை”.

180 அடி என்பது ஆட்டத்தின் தொடக்கத்தில் நெருடலான எண். ரேஜிங் போல்ட் எக்ஸுக்கு 240 ஹெச்பி. எதிராளி 2 பிரைஸ் எடுத்த பிறகுதான் சாரிஸார்டால் அதை ஒரே அடியில் வீழ்த்த முடியும். ரெஜிட்ராகோ விஸ்டாருக்கு 280; 3 பிரைஸ் எடுத்திருந்தாலும் 270-தான், 10 குறையும். ட்ராகபல்ட் எக்ஸுக்கு 320. இன்னொரு சாரிஸார்டுக்கு 330. எதிரே எந்தெந்த எண்கள் நிற்கின்றன என்று ஒரு தாளில் எழுதி, பக்கத்தில் நம் டெக்கால் எந்த நிலையில் எவ்வளவு அடிக்க முடியும் என்று எழுதிப் பாருங்கள். எந்தக் கார்டு வேண்டும் என்பதை அந்தத் தாளே காட்டிவிடும்.

2024-ல் டெம்போரல் ஃபோர்ஸஸ் தொகுப்போடு ஏஸ் ஸ்பெக் என்ற வலுவான தனி வகைக் கார்டுகள் திரும்ப வந்தன. டெக்குக்கு ஒன்றுதான் அனுமதி. நான் முதலில் ஆடியது மேக்ஸிமம் பெல்ட். எதிரே ஆக்டிவ் இடத்தில் எக்ஸ் போக்கிமான் இருந்தால் 50 கூடுதல் அடி. 230 ஆகிவிடும். ரோரிங் மூன் எக்ஸுக்குச் சரியாக 230, விழுந்துவிடும். ரேஜிங் போல்டுக்கு 10 குறையும்! அந்த 10 என்னைப் படுத்திய பாடு கொஞ்சமல்ல. எக்ஸ் அல்லாத விஸ்டார் மீது பெல்ட் வேலையே செய்யாது என்பது இன்னொரு வருத்தம்.

அந்த ஆண்டு ஆகஸ்டில் ஷ்ரௌடட் ஃபேபிள் வந்தது. அதில் டஸ்கல், டஸ்க்ளாப்ஸ், டஸ்க்நோயர். டஸ்க்ளாப்ஸ் தன்னையே அழித்துக்கொண்டு எதிராளியின் எந்தப் போக்கிமான் மீதும் 50 அடிக்கான டேமேஜ் கவுண்டர்களை வைக்கும். டஸ்க்நோயர் 130-க்கு வைக்கும். பதிலுக்கு எதிராளி ஒரு பிரைஸ் எடுத்துக்கொள்வார். வேறு டெக்கில் அது நஷ்டம். சாரிஸார்டுக்கு மட்டும் அதுவே லாபம், ஏனென்றால் அவர் எடுத்த அந்த ஒரு பிரைஸ் நம் அடியை 30 கூட்டிவிடுகிறது. டஸ்க்ளாப்ஸின் 50-ம் சாரிஸார்டின் 210-ம் சேர்ந்தால் 260, ரேஜிங் போல்ட் காலி. டஸ்க்நோயர் என்றால் 130-ம் 210-ம் சேர்ந்து 340. அன்று ஸ்டாண்டர்டில் நான் எதிர்கொண்ட எந்தப் போக்கிமானும் அதைத் தாங்காது, எதிரே நிற்கும் சாரிஸார்ட் உட்பட. போதாக்குறைக்கு, நாம் பிரைஸில் பின்தங்கி இருந்தால் மட்டும் போட முடிகிற கவுண்டர் கேட்சரும் திறந்துகொள்ளும். எதிராளியின் பெஞ்சிலிருந்து நமக்குப் பிடித்ததை முன்னால் இழுத்து அடிக்கலாம்.

டஸ்கல் பாஃபினில் வரும், டஸ்க்நோயருக்கு ரேர் கேண்டி ஏற்கனவே டெக்கில் இருக்கிறது, எல்லாவற்றையும் பிஜட் தேடித் தரும். டெக்கில் இருக்கிற கருவிகளையே பயன்படுத்திக்கொள்கிற கார்டைச் சேர்ப்பதற்கும், தனக்கென்று புதுக் கருவி கேட்கிற கார்டைச் சேர்ப்பதற்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். டஸ்க்நோயர் வரிசைக்கு 4 இடம் கொடுத்தேன்: 2 டஸ்கல், 1 டஸ்க்ளாப்ஸ், 1 டஸ்க்நோயர். ஒரு சார்மாண்டர், ரேடியண்ட் சாரிஸார்ட் (அதுவும் பேசிக்தான்), ஒரு நெஸ்ட் பால், நான் மிகவும் நேசித்த ஒரு ஸ்டேடியம் ஆகியவை வெளியேறின. சேர்த்தது 2 பேசிக், எடுத்ததும் 2 பேசிக், ஆக 10 அப்படியே 10. வழிகளின் கணக்கு 18-லிருந்து 16-க்கு இறங்கியது, அதைத் தெரிந்தே ஏற்றுக்கொண்டேன்.

ஒரு முறை டெக்கை மாற்றினால் இரண்டு கார்டுக்கு மேல் மாற்றக் கூடாது என்று நான் வைத்திருக்கும் வழக்கத்தை இங்கே மட்டும் மீறினேன். மற்ற நேரத்தில் அதைக் கடைப்பிடிக்கிறேன். ஐந்தாறு கார்டை ஒரேயடியாக மாற்றினால், ஜெயித்தாலும் தோற்றாலும் எதனால் என்று தெரியாமல் போய்விடும்.

போக்கிமானில் சைட்போர்டு கிடையாது. மேஜிக் ஆடுகிறவர்கள் முதல் ஆட்டம் முடிந்ததும் தனியாக வைத்திருக்கும் 15 கார்டிலிருந்து மாற்றிக்கொள்ளலாம். நமக்கு அந்த 60-தான், போட்டி முடியும் வரை. அதனால் ஒரே ஒரு டெக்கை மட்டும் எதிர்க்கிற கார்டுக்கு இங்கே விலை அதிகம். 2024 ஆகஸ்டில் ஹோனலூலுவில் நடந்த உலகச் சாம்பியன்ஷிப்பில் சிலியைச் சேர்ந்த ஃபெர்னாண்டோ சிஃபுவெண்டஸ் அயர்ன் தார்ன்ஸ் எக்ஸ் டெக்கோடு ஜெயித்தார். அயர்ன் தார்ன்ஸ் ஆக்டிவ் இடத்தில் நிற்கும் வரை எக்ஸ், வி போன்ற ரூல் பாக்ஸ் (சிறப்பு விதி அச்சிட்ட) போக்கிமான்களின் அபிலிட்டி (தாக்குதல் அல்லாத தனித்திறன்) வேலை செய்யாது, ஃப்யூச்சர் வகை மட்டும் விலக்கு. சாரிஸார்டின் எனர்ஜி இழுப்பதும் போச்சு, பிஜட்டின் தேடலும் போச்சு. அதன் பிறகு நான் ஆடிய இடத்திலும் எல்லோரும் அயர்ன் தார்ன்ஸோடு வரத் தொடங்கினார்கள்.

அதற்கென்று தனிக் கார்டு போடத் தோன்றியது. போடவில்லை. டெக்கில் ஏற்கனவே இருப்பதை வைத்து என்ன செய்யலாம் என்று உட்கார்ந்து யோசித்தேன். டஸ்க்ளாப்ஸுக்கு ரூல் பாக்ஸ் இல்லை, அதனால் அதன் அபிலிட்டி வேலை செய்யும். டெக்னிக்கல் மெஷின் எவல்யூஷன் அபிலிட்டியே இல்லை, தாக்குதல். அதுவும் வேலை செய்யும். சாரிஸார்டுக்கு இரண்டு டர்னில் கையாலேயே எனர்ஜி மாட்டினால் அடிக்கலாம். அயர்ன் தார்ன்ஸுக்கு 230 ஹெச்பி. டஸ்க்ளாப்ஸின் 50-ம் 210-ம் சேர்ந்தால் விழும். பெல்ட் இருந்தால் அதுகூட வேண்டாம். ஆட்டத்தை வேறு மாதிரி ஆட வேண்டும், அவ்வளவுதான். கையில் வருகிற எனர்ஜியைக் குப்பையாக நினைத்து, அல்ட்ரா பால் போடக் கழிக்க வேண்டிய கார்டாகத் தள்ளும் பழக்கத்தை அந்த ஆட்டத்தில் மட்டும் விட வேண்டும். எதிராளியின் டெக்கைப் பார்த்ததும் திட்டத்தை மாற்றுவதற்குக் கார்டு இடம் எதுவும் செலவாகாது. ஆனாலும் அந்த டெக்குக்கு எதிராக நான் பின்தங்கித்தான் இருந்தேன். இருக்கட்டும். எல்லா டெக்கையும் ஜெயிக்கிற 60 கார்டு என்று ஒன்று கிடையாது.

பணத்தைப் பற்றிச் சுருக்கமாக. ஒரே சாரிஸார்ட் எக்ஸ் பல படங்களில் வரும். சேகரிப்பவர்கள் தேடும் அச்சுக்கும் சாதாரண அச்சுக்கும் விலையில் பெரிய இடைவெளி இருக்கும், ஆட்டத்தில் இரண்டும் ஒன்றுதான். பேக் பிரித்து டெக் கட்ட நினைக்காதீர்கள், வேண்டிய கார்டைத் தனியாக வாங்குங்கள். வாங்கும் முன் டிசிஜி லைவில் அதே 60-ஐக் கட்டி ஆடிப் பாருங்கள், அது இலவசம். நண்பர்களோடு பழகும்போது காகிதத்தில் பெயர் எழுதி ஸ்லீவில் செருகிக்கொண்டால் போதும், போட்டிக்கு மட்டும் அசல் வேண்டும். பள்ளிக்கூட வாசல் கடைகளில் தங்க நிறத்தில் மின்னும் பிளாஸ்டிக் போக்கிமான் கார்டுகள் கிடைக்கின்றனவே, அவை போலி. பிள்ளைகள் ஆசைப்பட்டால் வாங்கிக் கொடுங்கள், டெக்கில் மட்டும் வைக்க முடியாது.

2025 ஏப்ரல் 11-ல் ஸ்டாண்டர்டிலிருந்து எஃப் குறியீடு (எந்தக் காலத்துக் கார்டு என்று காட்டும் எழுத்து) உள்ள கார்டுகள் விலக்கப்பட்டன. ரோட்டம் வி, லூமினியான் வி, ஃபாரஸ்ட் சீல் ஸ்டோன், மானஃபி எல்லாம் ஒரே நாளில் போயின. சாரிஸார்ட், பிஜட், அர்வன், அயோனோ, டஸ்க்நோயர் தங்கின. அப்போது டெக்கின் எலும்புக்கூடு அப்படியே இருந்தது, சதைதான் போயிற்று. காலியான இடங்களில் வேறு பெயர்களைத் தேடுவதற்கு முன், போனவை ஒவ்வொன்றும் என்ன வேலை செய்துகொண்டிருந்தது என்று எழுதினேன். ரோட்டமும் லூமினியானும் செய்தது தொடக்கத்தில் கையை நிரப்பும் வேலை. மானஃபி பெஞ்சைத் தாக்குதலின் அடியிலிருந்து காத்தது. ட்ராகபல்ட் வைப்பதோ டேமேஜ் கவுண்டர், அதை மானஃபியால் தடுக்கவே முடியாது. எல்லா இடத்திலும் ட்ராகபல்ட் ஆடிய காலத்தில் அந்த வேலைக்கு மாற்று தேட வேண்டியதே இல்லை.

கை நிரப்பும் வேலைக்கு ஃபெஸாண்டிபிட்டி எக்ஸை வைத்தேன். எதிராளியின் கடைசி டர்னில் நம் போக்கிமான் ஏதாவது விழுந்திருந்தால் 3 கார்டு எடுக்கலாம். தோற்கத் தோற்க வலுக்கும் டெக்குக்குப் பொருத்தம்தான், ஆனால் டஸ்க்ளாப்ஸ் நம் டர்னில் தன்னைத்தானே அழித்துக்கொள்வது இதற்குக் கணக்காகாது. முதல் டர்னிலும் அது உதவாது. அதனால் மீதி இடங்களைப் புதுமையாக எதற்கும் கொடுக்காமல் எடுத்த நெஸ்ட் பாலையும் நான்காவது சார்மாண்டரையும் திரும்பப் போட்டு, 8 கார்டுக் கணக்கை மறுபடி முதலிலிருந்து போட்டேன். 18 வந்தது.

அந்தக் கல்லூரிப் பையனிடம் பட்டியலைக் காட்டினேன். கழிந்த கார்டுகளை டெக்குக்குத் திருப்பும் ஒரு சூப்பர் ராடைத் தொட்டு, “இது ரெண்டு எதுக்குண்ணா?” என்றான். பதில் சொல்லத் தெரியவில்லை. வீட்டுக்கு வந்து அதன் மேல் ஸ்டிக்கர் ஒட்டினேன்.